ப்ரோக்ராம் ஓடுது, விண்டோ எங்கே? நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸிலிருந்து காலையிலேயே போன். "தம்பி, இலைக் கணக்கு ப்ரோக்ராம் ஓடுது. கீழே ஐகான் இருக்கு. ஆனா மூஞ்சியைக் காட்ட மாட்டேங்குது. மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்." வெளியே பச்சை இலை மூட்டையோடு வண்டிகள் நிற்கின்றனவாம். கேட்டுப் பார்த்தால், இடதுபக்கம் இருந்த இரண்டாவது மானிட்டரை முந்தின நாள்தான் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லாரும் முதலில் போவது ரீஸ்டார்ட்டுக்குத்தான். இந்த விஷயத்தில் அது பெரும்பாலும் வீண். பல ப்ரோக்ராம்கள் மூடும்போது, தாங்கள் திரையில் எங்கே நின்றோம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளும். முதன்மைத் திரையின் இடது ஓரம்தான் பூஜ்யம். அதற்கு இடதுபக்கம் இருக்கும் திரைக்கு எண்கள் மைனஸில் போகும். மைனஸ் 1500 என்று குறித்து வைத்திருந்தால், மானிட்டரே இல்லாத அந்த இடத்தில்தான் மறுபடியும் போய்த் திறக்கும். நூறு தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே கதை. டாஸ்க் மேனேஜரில் (ஓடும் ப்ரோக்ராம்களின் பட்டியல்) எண்ட் டாஸ்க் கொடுத்து வலுக்கட்டாயமாக மூடுவது இன்னும் மோசம்: சேமிக்காத பதிவு ஏதாவது இருந்தால் போச்சு.

என் ஓட்டு கீபோர்டுக்கு. ஆல்ட் டேப் அடித்து அந்த ப்ரோக்ராமைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அமுக்கி, விட்டுவிட்டு, எம். இப்போது வலது அம்பை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். அந்த ஒரு தட்டலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்; அதற்கப்புறம்தான் விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும். மவுஸை நகர்த்தி, திரைக்குள் வந்ததும் ஒரு கிளிக். எம் வேலை செய்யவில்லை என்றால் விண்டோ மேக்ஸிமைஸ் அல்லது மினிமைஸ் ஆகிக் கிடக்கலாம். ஆல்ட் ஸ்பேஸுக்குப் பின் முதலில் ஆர் அமுக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒரு குறை உண்டு. தலைப்புப் பட்டையைத் தாமே வரைந்துகொள்ளும் சில ப்ரோக்ராம்களில் ஆல்ட் ஸ்பேஸ் மெனு வராது. அவற்றுக்கு டாஸ்க் மேனேஜரில் பெயரை விரித்து, உள்ளே இருப்பதை ரைட் கிளிக் செய்து மேக்ஸிமைஸ் கொடுக்கலாம்.

மூன்றாவது, விண்டோஸ் கீயும் பியும். இது வேறு வியாதிக்கான மருந்து. குன்னூரில் ஒரு ஹோம்ஸ்டே ரிசப்ஷன் கம்ப்யூட்டரில், விருந்தினர் அறை டிவிக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ வயரை யாரும் பிடுங்கவில்லை. டிவி அணைந்திருந்தாலும் கம்ப்யூட்டர் அதைத் திரையாகவே எண்ணிக்கொண்டிருந்தது. புக்கிங் விண்டோ அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. அங்கே விண்டோஸ் பி அடித்து, கம்ப்யூட்டர் திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அரை நிமிடத்தில் முடிந்தது. ஆனால் மானிட்டரையே கழற்றிவிட்ட இடத்தில் இதனால் பயன் குறைவு.

டாஸ்க் பாரில் (திரையின் கீழே ஐகான்கள் இருக்கும் பட்டை) ரைட் கிளிக் செய்து, விண்டோக்களைத் திரைக்குள் அடுக்கும் கேஸ்கேட் கொடுப்பது பழைய ஆட்களுக்குப் பிடித்த வழி. நல்ல வழிதான்; ஆனால் திறந்திருக்கும் மற்ற விண்டோக்களையும் கலைத்து அடுக்கிவிடும். விண்டோஸ் 11-இல் அது எடுக்கப்பட்டும் விட்டது. 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், இதைப் புதிதாகப் பழகுவதில் அர்த்தமில்லை.

எதையும் தொடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். டாஸ்க் பார் ஐகான் மேல் மவுஸை வைத்தால் குட்டிப் படம் வருகிறதா? வந்தால் விண்டோ இருக்கிறது, இழுத்து வந்துவிடலாம். ஐகானும் இல்லை, ஆல்ட் டேப்பிலும் இல்லை, டாஸ்க் மேனேஜரில் மட்டும் பெயர் ஓடுகிறது என்றால், இழுப்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கடிகாரத்துக்குப் பக்கத்துச் சின்ன ஐகான்களில் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் எண்ட் டாஸ்க் கொடுங்கள்.

கோத்தகிரி அண்ணனுக்குப் போனிலேயே ஆல்ட், ஸ்பேஸ், எம், வலது அம்பு. "வந்துருச்சு தம்பி!" மானிட்டர் திரும்பி வந்தால் இந்தத் தடவை வலதுபக்கம் வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம் அண்ணா; மறுபடி காணாமல் போனால் இடது அம்பு.