நிழல் விழுற வயலுக்கு யூரியாவா, வெளிச்சமா?

நுவரெலியா மாவட்டத்துல வலப்பனை, ஹங்குரன்கெத்த பக்கம் படிப்படியா இறங்குற நெல் வயலுகள பாத்தீங்கன்னா, வெயில் படுற தட்டுல பயிர் ஒரு மாதிரியும் வரம்போரத்துல மரம் நிக்கிற தட்டுல வேற மாதிரியும் இருக்கும். நிழல்ல பயிர் சுணங்கிட்டா நம்ம ஆளுங்க உடனே இன்னும் ஒரு கை யூரியா அள்ளி வீசுறாங்க, காசு போறது ஒரு பக்கம், பயிருக்கே அது கேடு.

யூரியாவுல 46 வீதம் நைதரசன். போட்டா இலை கரும்பச்சையாகுறது உண்மைதான், ஏன்னா இலையில இருக்க நைதரசன்ல பாதிக்கு மேல ஒளித்தொகுப்பு நடக்குற பச்சையவுருமணிகள்லதான் இருக்கு. ஆனா அது வேலை செய்ய வெளிச்சம் வேணுமே. வெளிச்சம் இல்லாம நைதரசன் மட்டும் கூடினா பயிர் நெடுநெடுன்னு ஓடும், தண்டு மெலியும், இலை மெத்துன்னு ஆகும், ஒரு காத்தடிச்சா சாஞ்சிரும், அதுக்கு மேல நம்ம பக்கத்து பனியும் குளிரும் சேந்தா எரிபந்தம்ங்கிற நெல் நோய் வந்துரும். இலையில கண்ணு மாதிரி ரெண்டு முனையும் கூரா, நடுவுல சாம்பல், ஓரத்துல கபிலமா புள்ளி தெரிஞ்சா அதுதான், அதோட யூரியா போடுறத நிப்பாட்டிருங்க.

அதனால யூரியாவுக்குப் பதிலா மரத்துக் கொப்ப வெட்டி வெளிச்சம் விடணும், அதுல எப்ப வெட்டுறோம்ங்கிறதுதான் முக்கியம். ஆரம்பத்துல அடியில இருந்து மட்டம், அதாவது பக்கத்தண்டு, வெடிக்கிறப்ப விழுற நிழல் விளைச்சல அவ்வளவா பாதிக்காது, ஆனா கதிர் உண்டாகுற நேரம் நிழல் விழுந்தா கதிர்ல மணி குறையும், பூத்த பிறகு விழுந்தா பதர் கூடும். அதனால அறுவடைக்கு ரெண்டு மாசம் முந்தியே கொப்ப எறக்கிரணும், பி.ஜி. 352 மாதிரி மூணரை மாச நெல்லுன்னா விதைச்சு ஒன்றரை மாசத்துல.

வரம்புல நிக்கிறது கிளிரிசீடியான்னா இன்னும் நல்லம். வயல் பண்படுத்துறப்ப வெட்டின தழைய சேத்துல மிதிச்சு விட்டா அதுவே பசளை, காஞ்ச இலையில 3, 4 வீதம் நைதரசன் இருக்கு. 2021ல ரசாயனப் பசளை இறக்குமதிய நிப்பாட்டி நம்ம விவசாயிங்கள தவிக்க விட்டாங்களே, அப்பவும் இந்த தழை வரம்புலயேதான் நின்னுச்சு.

யூரியாவே வேணாம்னு சொல்லல. நல்ல வெயில் படுற தட்டுல அடி இலையில இருந்து மஞ்சளாகிட்டு வந்தா அது நைதரசன் பசி, அங்க யூரியாதான் சரி. மலையே மறைக்குதுன்னாலோ பெரும்போகத்துல நாள்கணக்கா மழை இருட்டுன்னாலோ வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல, அங்க யூரியாவ ஒரே தரமா கொட்டாம கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு, இலை எவ்வளவு பச்சைன்னு ஒப்பிடுற இலை நிற அட்டைய இலையோட வச்சுப் பாத்து, வெளிறியிருந்தா மட்டும் போடுங்க. மரந்தான் மறைக்குதுன்னா பசளைக் கடைக்குப் போக முந்தி கத்திய எடுங்க.