5 எச்பி சூரியசக்தி பம்புசெட்: மானியத்தில் வாங்கியவரின் மதிப்பீடு

மத்திய அரசு 2019இல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தின் கீழ், வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வாங்கிய 5 எச்பி (குதிரைத்திறன்) சூரியசக்தி நீர்மூழ்கி பம்புசெட் ஒன்று, வந்தவாசிப் பக்கம் உள்ள எங்கள் நிலத்துக் கிணற்றில் சில போகங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. மணிலாவும் (நிலக்கடலை) கத்தரியும் பயிரிடும் நிலம் அது. இலவச மின் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, வரிசை நகரும் வரை டீசல் இன்ஜினை நம்பியிருந்தவர்களில் நாங்களும் உண்டு. ஆகவே இந்த மதிப்பீட்டை டீசலோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். கட்டணமில்லா மும்முனை மின்சாரம் ஏற்கெனவே கிடைக்கும் கிணற்றுக்காரருக்கு இதே கணக்கு பொருந்தாது.

காலை எட்டு மணிக்குக் குழாயில் மெலிதாக விழத் தொடங்கும் தண்ணீர், பத்தரை மணிக்கு மேல் வாய்க்கால் நிறைய ஓடி, மூன்றரை மணிக்குப் பின் மீண்டும் மெலிகிறது. மேகம் ஒன்று கடந்தால் கடைமடைப் பாத்திக்குப் போகும் நீர் பாதி வழியிலேயே தயங்கி நிற்கும். எனவே தொலைவில் உள்ள பாத்திகளை நண்பகலுக்கும், மடைக்கு அருகில் உள்ளவற்றைக் காலைக்கும் மாலைக்கும் ஒதுக்கும்படி பாசன முறையையே மாற்றிக்கொண்டோம். இரவில் மண்வெட்டியோடு மடை திறக்கப் போக வேண்டியதில்லை என்பது, எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறாத பெரிய லாபம்.

வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது குதிரைத்திறனை அன்று, நீர்மட்டத்தின் ஆழத்தையே. 5 எச்பி மோட்டாருக்கு அரசு விதிப்படி 4,800 வாட் பேனல் தரப்படுகிறது. நல்ல வெயில் நாளில், டிசி (நேர்மின்னோட்ட) மோட்டாராக இருந்தால், பேனலின் ஒரு வாட்டுக்கு 20 மீட்டர் உயரத்துக்கு 55 லிட்டர், 50 மீட்டருக்கு 21 லிட்டர், 100 மீட்டருக்கு ஒன்பதரை லிட்டர் நீர் ஏற்ற வேண்டும் என்பது விதியில் உள்ள அளவு. அதாவது நீரை 20 மீட்டர் ஏற்ற வேண்டிய எங்கள் கிணறு போன்ற இடத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,64,000 லிட்டர் கிடைக்கும். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் நீர் கட்ட ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்றே அதிகம் ஆகும் என்பதால், இது இரண்டரை ஏக்கருக்குப் போதுமானது. அதே பேனலை 100 மீட்டர் ஆழத்து ஆழ்துளைக் கிணற்றில் பொருத்தினால் 46,000 லிட்டரைக்கூட எட்டாது, அரை ஏக்கர் நனைவதே கடினம். கொங்குப் பகுதியில் நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே நீர் தேடுபவர்கள் அக்கம்பக்கத்தாரின் புகழுரையைக் கேட்டு இதை வாங்கக் கூடாது.

முதலீட்டைப் பொறுத்தவரை, திட்டத்தின் அடிப்படை வடிவில் மத்திய அரசு 30 விழுக்காடும் மாநில அரசு 30 விழுக்காடும் ஏற்க, மீதி 40 விழுக்காடு விவசாயியின் பங்கு. டீசல் இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓட்டினால், லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், 45,000 ரூபாய் புகையாகப் போகிறது. டீசலுக்குக் கைமாற்று வாங்கிய குடும்பங்களில் அந்தத் தொகை விதைக்கோ, சொட்டுநீர்க் குழாய்க்கோ திரும்புவதுதான் இத்திட்டத்தின் உண்மையான பொருளாதாரப் பயன்.

குறைகளும் உண்டு. ஐந்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் காகிதத்தில் இருந்தாலும், பேனல் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி சீராக்கும் கன்ட்ரோலர் பழுதானபோது எங்களுக்குப் பொருத்திக் கொடுத்த நிறுவனத்தின் ஆள் வந்து சேர்வதற்குள் கத்தரிச் செடிகள் வாடிவிட்டன. தொலைபேசியில் சொன்ன புகாருக்குப் பதிவே இல்லை என்றார்கள். புகாரை எழுத்தில் கொடுத்து எண் வாங்கிக்கொள்வது நல்லது. பேனல்களை வெயில் ஏறும் முன் துடைப்பதும் நம் வேலைதான். பறவை எச்சம் ஒரு மூலையில் காய்ந்தாலே நீரின் வேகம் குறைகிறது.

இவற்றைவிடப் பெரிய குறை, மழைக்காலத்திலும் அறுவடைக்குப் பிந்தைய நாட்களிலும் பேனல்கள் வேலையின்றி நிற்பது. குஜராத்தின் கேடா மாவட்டத்து துண்டி கிராமத்தில் ஆறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, பாசனம் போக எஞ்சிய மின்சாரத்தை 2016 முதல் மின் பகிர்மான நிறுவனத்துக்கு விற்றார்கள். அங்கே வெயிலும் ஒரு விளைபொருள். மின்கம்பியோடு இணையாமல் தனித்து நிற்கும் எங்கள் பம்புசெட்டில் அது வீணாகிறது. தீவன வெட்டும் கருவி, மாவரைக்கும் இயந்திரம் போன்றவற்றையும் ஓட்டக்கூடிய பொதுக் கன்ட்ரோலரைத் திட்டம் அனுமதிக்கிறது. அதற்கான கூடுதல் விலைக்கு மானியம் இல்லை. மாடு வைத்திருப்பவர்கள் அந்தச் செலவைச் செய்யலாம். மற்றபடி, டீசலை நம்பியிருக்கும், நீர்மட்டம் 50 மீட்டருக்குள் உள்ள சிறு விவசாயிக்கு இந்த பம்புசெட்டைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.