கேஸ் இல்லாத மிக் வெல்டிங் மெஷின்: கான்டெஸா காரின் அடித்தகட்டில் ஓட்டிப் பார்த்த பிறகு

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலில் பழைய காரை நிறுத்திக்கொண்டு அடித்தகடு, ரன்னிங் போர்டு, பிராக்கெட் என்று வேலை பார்ப்பவர்களுக்கு இந்த 200 ஆம்ப் மிக் மெஷின் கொடுத்த காசுக்கு உழைக்கும். ராடுக்குப் பதிலாகக் கம்பி தானாக ஓடிவந்து உருகி ஒட்டுகிற மெஷின் இது; ஒட்டில் காற்றுப் படாமல் காக்கிற கேஸ் சிலிண்டர் இல்லாமலும் ஓடும். கதவு, பானெட், மட்கார்டு மாதிரி வெளியே தெரிகிற தகட்டுக்குக் கேஸ் இல்லாமல் இதை எடுத்துப் போகாதீர்கள். கம்பெனி பெயரைச் சொல்வதில் பிரயோஜனமில்லை. இதே பெட்டி, நிறமும் ஸ்டிக்கரும் மட்டும் மாறி, நாலைந்து பெயர்களில் கடைகளில் உட்கார்ந்திருக்கிறது. மதுரை வடக்கு வெளி வீதிப் பக்கம் ஒரு கடையில் 18,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே முடித்துக் கொடுத்தார்கள்.

எனக்கு ஒத்தக்கடையில் மாவு மில். மில்லில் ஹாப்பர் விட்டுப் போனாலும், ஸ்டாண்ட் கால் ஒடிந்தாலும் நானே ராடு போட்டு ஒட்டிக்கொள்வேன். ஆகவே வெல்டிங் புதிதில்லை. ஆனால் ராடு வெல்டிங்கை வைத்துக்கொண்டு கார் தகட்டுப் பக்கம் போக முடியாது. ஆங்கிள் ஒட்டுகிற சூட்டில் 20 கேஜ் தகடு, அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர், ராடு தொட்ட இடத்திலேயே உருகி விரல் நுழைகிற ஓட்டையாகிவிடும். அதனால்தான் கம்பி ஓடுகிற மெஷின் தேட வேண்டியதாயிற்று.

கார், மாமனார் வைத்திருந்த கான்டெஸா கிளாசிக். 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர். நம் ஊரில் இதை ‘இந்தியாவின் மசில் கார்’ என்று சொல்கிறார்கள். மசில் கார் என்றால் பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்க வேகக் கார். இது உடம்பைப் பார்த்துச் சொல்கிற பேச்சு. அமெரிக்காவில் 1964-ல் போன்டியாக் ஜி.டி.ஓ. வந்தபோது அதற்குள் இருந்தது 6.4 லிட்டர் வி-8, 325 குதிரைசக்தி. நம்ம கான்டெஸா இசுசு இன்ஜினில் 90 குதிரைசக்தியைக்கூட எட்டவில்லை. அதற்கு முன்பு அம்பாசடர் காரின் 1.5 லிட்டர் இன்ஜினோடு வந்தது. அந்த உடம்பை இழுக்க அது பட்ட பாடு ஓட்டியவர்களுக்குத் தெரியும். நீளமான மூக்கு, பின்சக்கர டிரைவ், நாலு முகவிளக்கு, இதெல்லாம் சேர்ந்து அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டது. வண்டியின் வேர் பிரிட்டனில், 1970-களின் வாக்ஸ்ஹால் விக்டரில் இருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் செய்துவந்தது, 2002-ல் நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியாயிற்று என்றால் அடித்தகடு எங்கே கிடைக்கும்? கிடைக்காது. செய்துதான் போட வேண்டும். இந்த வண்டிக்கு லாரி மாதிரித் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டி, நாம் ரன்னிங் போர்டு என்று சொல்கிறோமே, அதுதான் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிறுத்துகிறது. என் வண்டியில் டிரைவர் பக்கம் அது முழுக்கத் துருவேறியிருந்தது. மேலே பெயின்ட் மினுமினுவென்று இருக்க, உள்ளே ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தட்டினால் அப்பளமாக நொறுங்கியது. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் அடைபட்டுத் தேங்கியதன் விளைவு. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் குனிந்து இந்த இடத்தைப் பாருங்கள்.

இனி மெஷின்.

பெட்டியைத் திறந்ததும் கையில் வருவது டார்ச், எர்த் கிளாம்ப், ராடு ஹோல்டர், ஒரு கிலோ 0.8 மில்லிமீட்டர் ஃப்ளக்ஸ் கம்பி (கேஸின் வேலையைத் தன் புகையாலேயே செய்துகொள்கிற கம்பி). பிளாஸ்டிக்கில் ஒரு முகமூடியும் தருகிறார்கள். அதைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் பட்டதும் தானாகக் கறுக்கிற ஹெல்மெட் தனியாக வாங்குங்கள். எர்த் கிளாம்பும் அப்படித்தான். முன்னால் பல் மட்டும் பித்தளை மாதிரி மின்னுகிறது, ஸ்பிரிங்கில் பிடிப்பில்லை. தகட்டு வேலையில் எர்த் சரியில்லாவிட்டால் கம்பி விட்டுவிட்டு எரியும், மெஷின் மேல் பழி விழும். 300 ஆம்ப் கிளாம்ப் ஒன்று வாங்கி மாற்றியதும் பாதிக் குறை தீர்ந்தது.

பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் கம்பிச் சுருளும் அதைத் தள்ளுகிற ரோலரும். அதற்குக் கீழே இரண்டு முனைகள், ப்ளஸ், மைனஸ். இந்த மெஷினில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான இடம் இதுதான், விளக்கப் புத்தகத்தில் இதற்கு ஒதுக்கியிருப்பது ஒரே வரி. ஃப்ளக்ஸ் கம்பி ஓட்டும்போது டார்ச் மைனஸில் இருக்க வேண்டும், எர்த் ப்ளஸில். கேஸ் போட்டுச் சாதாரணக் கம்பி ஓட்டினால் அப்படியே தலைகீழ். கடையிலிருந்து வரும்போது டார்ச் ப்ளஸில் மாட்டியிருந்தது. அதே நிலையில் ஃப்ளக்ஸ் கம்பியை ஓட்டினால் பொரி பொரியாகத் தெறிக்கும், ஒட்டு மேலேயே குவிந்து நிற்கும், உள்ளே பிடிக்காது. ‘கேஸ் இல்லாத மெஷின் எல்லாம் குப்பை’ என்று திட்டுகிறவர்களில் பலர் இந்த முனையை மாற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். ரோலரையும் கவனியுங்கள். ஃப்ளக்ஸ் கம்பி உள்ளே பொடி அடைத்த மெல்லிய குழாய். வழவழப்பான ரோலரில் இறுக்கினால் நசுங்கும். அதற்குச் சொரசொரப்பான பள்ளம் வெட்டிய ரோலர் வேண்டும். எனக்கு வந்த ரோலரில் ஒரு பக்கம் அப்படியும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருந்தது, திருப்பி மாட்டிக்கொண்டேன்.

கடையில் அவர்கள் ஓட்டிக் காட்டியது 5 மில்லிமீட்டர் பட்டையில். அதில் எந்த மெஷினும் ஜம்மென்று ஓடும். தகட்டு வேலைக்கு வாங்குகிறவர்கள் ஒரு துண்டுத் தகட்டைக் கையோடு எடுத்துப் போய் அதில் ஓட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நான் அடித்தகட்டுக்கு 18 கேஜ் எடுத்தேன், 1.2 மில்லிமீட்டர். ஒரிஜினலைவிடக் கொஞ்சம் கனம். கண்ணுக்குத் தெரியாத இடம்தானே, அந்தக் கூடுதல் கனம்தான் ஃப்ளக்ஸ் கம்பியின் சூட்டைத் தாங்கிக்கொள்கிறது. தகட்டை மடிப்பதற்கு எங்கும் அலைய வேண்டாம். பீரோ பட்டறையில் நீளமாக வெட்டுகிற மெஷினும், மடிக்கிற மெஷினும் இருக்கும். அட்டையில் அளவு வெட்டி, மடிப்புக்குக் கோடு போட்டுக் கொடுத்தால், பீரோ கதவு மடிக்கிற அதே கையில் ரன்னிங் போர்டை மடித்துத் தருகிறார்கள். பீரோவுக்கு அவர்கள் வைத்திருப்பதும் கார் பாடிக்கு வேண்டிய அதே குளிர்முறையில் உருட்டிய தகடுதான். ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசியது, கொடுத்தால் வாங்காதீர்கள். துருப் பிடிக்காது என்பது சரி, ஆனால் பற்றவைக்கும்போது அந்தத் துத்தநாகப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

வெட்டுவதற்கு முன் வண்டியைத் தாங்கு கொடுத்துச் சமமாக நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு ஆங்கிளைப் பொட்டு (புள்ளி மாதிரிச் சின்ன ஒட்டு) வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ரன்னிங் போர்டை எடுத்த கையோடு பாடி மில்லிமீட்டர் கணக்கில் தொய்யும். புதுசைப் போட்டு முடித்த பிறகு கதவு சாத்தாது. பாட்டரி முனையைக் கழற்றிவிடுவது, பெட்ரோல் டேங்கை இறக்கிவிடுவது, கார்ப்பெட்டையும் அடியில் ஒட்டியிருக்கிற தாரையும் சுரண்டி எடுப்பது, பக்கத்தில் மணல் வாளி. இதெல்லாம் பேச்சுக்கே இடமில்லாத விஷயங்கள். கண்ணாடி மேல் ஈரச் சாக்கு போடுங்கள். தெறிக்கிற பொறி கண்ணாடியில் ஒட்டி உட்கார்ந்தால் கரும்புள்ளியாக நிரந்தரமாக இருக்கும்.

ஓட்டுகிற விதம்: நீளமாக இழுக்கவே கூடாது. ஒரு பொட்டு, ஒரு கை அகலம் தள்ளி இன்னொரு பொட்டு, அப்புறம் எதிர் முனை. பொட்டின் சிவப்பு அடங்கும்வரை காத்திருந்து அதை ஒட்டியே அடுத்த பொட்டு. டார்ச்சைத் தள்ளாமல் இழுக்க வேண்டும். கசடு வருகிற எந்த வெல்டிங்குக்கும் அதுதான் வழி. இடைவெளி விழுந்த இடத்தில் பின்னால் ஒரு செம்புப் பட்டையை முட்டுக்கொடுத்தால் உருகியது கீழே ஒழுகாமல் நிற்கும், செம்பில் ஒட்டவும் ஒட்டாது. வோல்ட்டும் கம்பி வேகமும் பொருந்திவிட்டால் சத்தத்திலேயே தெரியும்: காய்ந்த எண்ணெயில் வடை விழுந்தது மாதிரி ஒரே சீராகப் பொரியும். பட் பட் என்று டார்ச்சைப் பின்னால் தள்ளினால் கம்பி வேகம் அதிகம். கம்பி முனையில் உருண்டை கட்டினால் வேகம் குறைவு. மெஷினில் தானே வோல்ட் பொருத்திக்கொள்கிற வசதி ஒன்று இருக்கிறது, பிராக்கெட்டுக்கு அது போதும். தகட்டுக்குக் கையால் வைப்பதே நல்லது.

கேஸ் இல்லாததன் லாபம் எனக்கு ஆடி மாதத்தில் தெரிந்தது. யானைமலைப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் வாசலில் பந்தல் துணிகூட நிற்கவில்லை. கேஸ் மிக் என்றால் அந்தக் காற்று கேஸை அள்ளிக்கொண்டு போய், ஒட்டு முழுக்கப் பொக்கைப் பொக்கையாக வரும். ஃப்ளக்ஸ் கம்பி தன் புகையைத் தானே போர்த்திக்கொள்வதால் வேலை நிற்கவில்லை. ஆனால் அந்தப் புகை லேசுப்பட்டதல்ல. காற்றில்லாத நாளில் காருக்கு அடியில் படுத்து ஓட்டினால் மூக்கெல்லாம் கறுத்துவிடும்; மாஸ்க் இல்லாமல் படுக்காதீர்கள். மாடியில் காயப்போட்ட துணிக்கும் அந்த வாசனை ஏறுகிறது என்று வீட்டில் தனிப் புகார்.

வோல்டேஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒற்றை பேஸ். பகலில் 225-க்கு மேல் நிற்கிறது. சாயங்காலம் தெருவில் ஏசியும் தண்ணி மோட்டாரும் ஓட ஆரம்பித்தால் 200-க்குக் கீழே இறங்குகிறது. அந்த நேரத்தில் மெஷின் அணைந்துவிடவில்லை, ஆனால் ஒட்டு சோர்ந்துபோகிறது. காலையில் வைத்த அதே செட்டிங் சாயங்காலம் செல்லாது. 16 ஆம்ப் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். நீட்டிப்பு வயர் தேவைப்பட்டால் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், சுருட்டி வைக்காமல் விரித்துப் போடுங்கள். பின்பக்கத்தில் 200 ஆம்புக்கு 35 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் ஓட்டலாம், மீதி ஆற விட வேண்டும் என்று அர்த்தம். தகட்டு வேலையில் 60 ஆம்பைத் தாண்டுவதே அபூர்வம், அதனால் கவலையில்லை. ஜாக் வைக்கிற இடத்துக்குக் கனமான பட்டை ஒட்டியபோது மட்டும், நல்ல சித்திரை வெயில், சூடேறினால் எரிகிற மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நின்றது. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் அணைந்துவிட்டது.

வேலையைப் பார்க்க நம்ம டிங்கர் பாயைக் கூப்பிட்டிருந்தேன். தீச்சுவாலையால் ஒட்டுகிற கேஸ் வெல்டிங்கிலேயே ஆயுசைக் கழித்தவர். குனிந்து பார்த்தார், சுத்தியால் ரெண்டு தட்டுத் தட்டினார். “மில்லுக்காரரே, புடிப்பு நல்லாத்தான் இருக்கு. அழகு இல்ல, கீழ யாரு பாக்கப் போறா. ஆனா இந்தக் கம்பியக் கொண்டு கதவுப் பக்கம் வந்துராதீங்க. அப்புறம் பட்டி தேய்ச்சே என் கை போயிரும்” என்றார். சரியான தீர்ப்பு. ஃப்ளக்ஸ் ஒட்டு உயரமாகவும் கெட்டியாகவும் நிற்கிறது. மெல்லிய தகட்டில் அதைக் கிரைண்டரால் இறக்கப் போனால் சூட்டில் தகடே அலை அலையாக வளைந்துவிடுகிறது. நீக்கிய பழைய மட்கார்டுத் துண்டில் ஓட்டிப் பார்த்தே இதை உறுதி செய்துகொண்டேன். வெளித்தகட்டுக்கு இதே மெஷினில் ஆர்கான் கலந்த கேஸும் சாதாரண 0.8 கம்பியும் போட்டு ஓட்டினால் ஒட்டு மிருதுவாகப் படிகிறது. பின்னால் கேஸ் ட்யூப் மாட்டுகிற முனை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வது அதனால்தான். அந்த முனை இல்லாத மாடல் ரெண்டு, மூவாயிரம் குறைவு; அந்தக் குறைவுக்கு ஆசைப்பட வேண்டாம்.

இன்ஜின் மாற்றுகிற யோசனை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துருப்பிடித்த தகட்டை அதே வடிவில் மாற்றுவது ரிப்பேர். வேறு இன்ஜினுக்கு மவுன்ட் கட்டுவது, கூரையை வெட்டுவது எல்லாம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்குள் வரும், ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் செய்தால் 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். சேஸிஸ் நம்பர் அடித்த இடத்தின் பக்கம் கிரைண்டரைக்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

மிச்சம் இருக்கிற கம்பியைப் பற்றி. ஃப்ளக்ஸ் பொடி ஈரம் இழுக்கும். ஐப்பசி மழையில் மெஷினுக்குள்ளேயே விட்டுவைத்தால் கம்பி துருவேறி, டார்ச் முனையில் கம்பி வெளியே வருகிற டிப்பில் சிக்கும். வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி, சிலிகா பாக்கெட்டோடு ஜிப் கவரில் போட்டு மூடி வைக்கிறேன். 0.8 டிப் பத்துப் பதினைந்து சேர்த்து வாங்கி வையுங்கள், சீக்கிரம் அடைகிறது. சர்வீஸ் எப்படி என்று கேட்டால், இதுவரை அதற்கு வேலை வரவில்லை. வாரண்டி ஒரு வருடம், பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கியிருக்கிறேன்.