டிவியில் மினி கம்ப்யூட்டர்: கோளாறை எங்கே சரிசெய்வது?

மினி கம்ப்யூட்டரை டிவியுடன் இணைத்தவுடன் படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது, எழுத்து மங்குகிறது, அல்லது ‘சிக்னல் இல்லை’ என்று திரை கைவிரித்துவிடுகிறது. வைத்தியம் பார்க்க மூன்று இடங்கள் உண்டு: டிவியின் மெனு, இடையில் ஓடும் கேபிள், கணினியின் அமைப்புகள். பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது கணினியில்தான். கீபோர்டு அங்கேதானே இருக்கிறது. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை டிவி பக்கமே இருந்தன. அங்கே தீர்க்க வேண்டியதைக் கணினியில் தீர்த்தால் தீர்ந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

ஓரம் வெட்டுப்படுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். டாஸ்க்பார் பாதி தெரியவில்லை, கடிகாரத்தின் கடைசி எண் சட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இதற்குப் பெயர் ஓவர்ஸ்கேன். பழைய குழாய் டிவிகளில் படத்தின் விளிம்பு ஒழுங்காக நிற்காது. அதை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிச் சட்டத்துக்கு வெளியே தள்ளினார்கள். குழாய் போய்த் தட்டைத்திரை வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கணினிப் பக்கத் தீர்வு, படத்தைச் சுருக்கிச் சுற்றிலும் கறுப்பு விளிம்பு விடுவது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையில் நான்கு பக்கமும் 48 புள்ளி (பிக்சல்) விட்டால் 1920×1080 என்பது 1824×984 ஆகிவிடும்; ஏறக்குறைய 13 சதவீதப் புள்ளிகள் வீண். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. சுருங்கிய படத்தை டிவி மறுபடி இழுத்துப் பெரிதாக்குகிறது. கணினியின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் விழுவதே இல்லை.

டிவிப் பக்கத் தீர்வு ஒரே ஒரு மெனு. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’, சாம்சங்கில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்க்ரீன்’. பெயர்தான் வேறு வேறு, வேலை ஒன்றே. பல டிவிகளில் இது ஒவ்வோர் எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. கேபிளை அடுத்த துளைக்கு மாற்றிவிட்டு ‘பழைய தொல்லை திரும்பிவிட்டது’ என்று கலங்க வேண்டாம்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. திரையின் அளவுக்கே ஒரு படம் வரைந்து, ஒரு புள்ளி அகலத்தில் கறுப்பும் வெள்ளையுமாக மாறிமாறிச் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். அதைப் பெரிதாக்காமல் முழுத்திரையில் திறந்தால், புள்ளிக்குப் புள்ளி பொருந்திய திரையில் ஒரே சீரான சாம்பல் நிறம் தெரியும். நெருங்கிப் பார்த்தால் கோடுகள் துல்லியமாக நிற்கும். எங்கோ அளவு மாறியிருந்தால் பட்டை பட்டையாக அலையடிக்கும். நான் முதன்முதலில் இதைச் செய்து பார்த்த டிவியில் அகலமான எட்டுப் பட்டைகள் தெரிந்தன. அதுவரை அந்தத் திரை தெளிவாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

1366×768 பேனல் கொண்ட டிவிகளுக்கு மட்டும் இந்த அறிவுரை முழுதும் பொருந்தாது. அவற்றில் பல, எச்டிஎம்ஐ வழியாக 720 அல்லது 1080 வரிப் படத்தை மட்டுமே ஏற்று, உள்ளே தாங்களே அளவை மாற்றுகின்றன. மெனுவில் எதைத் தொட்டாலும் எழுத்து முழுதாகத் தெளியாது. அங்கே எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதே நேர்மையான தீர்வு.

ஓரம் சரி, ஆனால் எழுத்து கலங்கலாகவே இருக்கிறது என்றால்? நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்துப் பாருங்கள். கறுப்பு எழுத்து தெளிவாக இருந்து, சிவப்பு எழுத்து மட்டும் கரைந்து வழிந்தால் காரணம் நிறச் சுருக்கம். வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்றாகக் குறைக்கும் முறை அது. சினிமாவுக்கு உறுத்தாது, எழுத்துக்கு ஆகாது. கணினி முழு நிறத்தை அனுப்பினாலும், பல டிவிகள் உள்ளே அதைச் சுருக்கிவிடுகின்றன. அந்த உள்ளீட்டுக்கு ‘பிசி’ என்று பெயரோ சின்னமோ கொடுத்தால் எல்ஜியும் சாம்சங்கும் நிறத்தை முழுதாக விட்டுவைக்கின்றன. சோனியில் ‘கிராஃபிக்ஸ்’ படமுறை அந்த வேலையைச் செய்கிறது. ஷார்ப்னஸையும் இறக்கிவிடுங்கள், எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுவது அதுதான். ஆனால் சோனியில் நடுநிலை 50. அதைச் சுழியத்துக்கு இறக்கினால் படம் மழுங்கிவிடும். இந்தக் கோளாறுக்குக் கணினியில் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

கேபிளுக்கு முறை வருவது 4கே திரையில். மவுஸ் இழுத்த இழுப்புக்கு வராமல் பின்தங்கினால், திரை நொடிக்கு 30 முறை மட்டுமே மாறுகிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 நொடிக்கு 10.2 கிகாபிட் கொண்டுபோகும். 4கே படம் 30 முறைக்குமேல் அதில் முழு நிறத்தோடு நகராது. 60 முறைக்கு 2.0 வேண்டும், அதாவது 18 கிகாபிட். கேபிள், அடாப்டர், டிவியின் துளை, கணினியின் துளை இவற்றில் எந்த ஒன்று தளர்ந்தாலும் கணக்கு கீழே விழுந்துவிடும். அவ்வப்போது படம் ஒரு நொடி கறுத்துத் திரும்பினாலும் முதல் சந்தேகம் கேபிள்மீதுதான். ராஸ்பெரி பை 4 பலகையில் இன்னொரு நுணுக்கம்: 4கே 60 வேண்டுமானால் மின்சாரத் துளையை ஒட்டிய எச்டிஎம்ஐ துளையில் செருகி, அமைப்புகளிலும் அதை இயக்க வேண்டும். பை 5 பலகைக்கு இந்தச் சடங்கு இல்லை.

புதுக் கேபிள் வாங்குமுன் 1080க்கு இறக்கிப் பாருங்கள். தொலைவில் உட்கார்ந்து பார்க்கும் டிவியில் 4கே 30ஐவிட 1080 60 எவ்வளவோ மேல் என்பது என் தீர்மானம். நொடிக்கு அறுபது முறை மாறும் திரையின் இதத்தைக் கை உடனே உணர்ந்துகொள்கிறது.

‘சிக்னல் இல்லை’ என்ற கோளாறில் மட்டும் கணினிப் பக்கத்துக்கு நியாயம் இருக்கிறது. டிவி தான் ஏற்கும் அளவுகளை இடிஐடி என்ற சிறு தகவலாகக் கேபிள் வழியே சொல்கிறது. உறங்கும் டிவிகளில் சில வாய் திறப்பதில்லை. ‘திரையே இல்லை’ என்று கணினி முடிவுகட்டிவிடுகிறது. டிவியை முதலில், கணினியைப் பிறகு இயக்குவது செலவில்லாத சோதனை. அதில் படம் வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. எப்போதும் அந்த வரிசை சாத்தியமில்லை என்றால், அளவைக் கணினியிலேயே நிரந்தரமாகக் கட்டாயப்படுத்தலாம்.

பழைய குறிப்புகளை அப்படியே நகலெடுப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 2021இல் வந்த ராஸ்பெரி பை இயங்குதளமான புல்ஸ்ஐ முதல், திரையை இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலே நேரடியாகக் கையாள்கிறது. ‘எச்டிஎம்ஐ குரூப்’, ‘எச்டிஎம்ஐ மோட்’ என்று கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் எழுதும் வரிகளை அது கண்டுகொள்வதில்லை. கெர்னல் தொடங்கும்போது படிக்கும் கட்டளை வரியில் ‘வீடியோ’ என்று தொடங்கும் அமைப்பே செல்லும். 2023இல் வந்த புக்வோர்ம் பதிப்பிலோ கான்ஃபிக் கோப்பின் இடமே ‘பூட்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபர்ம்வேர்’ கோப்புறைக்கு மாறிவிட்டது. அந்த வரிகளை ஒரு மாலை முழுதும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்து, என் கையில் உள்ள பலகைதான் பழுது என்று நான் முடிவுகட்டியிருக்கிறேன். மறுநாள் கட்டளை வரியில் அளவை எழுதியதும் படம் வந்தது.

கறுப்பு வெளிறியோ, நிழல்கள் ஒன்றாகக் கறுத்தோ தெரிந்தால், கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான அளவை ஒரு பக்கம் 0 முதல் 255 என்றும் மறுபக்கம் 16 முதல் 235 என்றும் பேசிக்கொண்டிருக்கின்றன. எந்தப் பக்கத்தில் மாற்றினாலும் சரி, இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும்.