பென்சில்வேனியாவில் பழைய கல்வீடா, புது மரவீடா?

பக்ஸ் கவுண்டியில் வீடு தேடிய ஏழு மாதமும் எங்களுக்குள் இரண்டு கட்சி. மனைவிக்குப் புதுக் குடியிருப்பில், சாவி வாங்கியதும் குடிபோகிற மாதிரி ஒரு வீடு. எனக்கு, அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது கட்டி, அண்மையில் உள்ளே எல்லாம் புதுப்பித்த கல் பண்ணைவீடு. கடைசியில் கல்வீட்டைத்தான் வாங்கினோம். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

தெரிந்த விஷயங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். புது வீட்டில் எல்லா அறைக்கும் ஏசி, இரண்டு கார் நிற்கும் கராஜ், பெரிய அலமாரிகள், மாதாமாதம் சங்கக் கட்டணம். சுவர் மரச்சட்டம், மேலே வினைல் பலகை. முகப்பில் மட்டும் கல் மாதிரி வார்த்த வில்லைகளை ஒட்டியிருப்பார்கள். பக்கவாட்டில் நான்கு அடி நடந்தால் கல் சட்டென்று முடிந்துவிடும், முகத்துக்கு மட்டும் பவுடர் பூசிய மாதிரி.

பழைய வீட்டின் சுவர் 18 முதல் 24 அங்குலம். ஜன்னல் திண்டிலேயே மகள் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். மேலே கூரை முக்கோணத்தில் 1768 என்று செதுக்கிய கல். புதுப்பித்தவர்கள் சமையலறைத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓட்டியிருக்கிறார்கள். இந்தச் சுவரில் ஏசியின் பெரிய காற்றுக்குழாய் நுழைக்க முடியாததால் அறைக்கு அறை ஸ்ப்ளிட் ஏசி. வைஃபையும் சுவரைத் தாண்டாது. மாடிக்கொரு கருவி வைத்திருக்கிறோம். தண்ணீருக்குக் கிணறு, கழிவுக்கு செப்டிக் தொட்டி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் வைத்து உறிஞ்ச வேண்டும்.

தடித்த சுவர் குளிரைத் தடுத்துவிடும் என்று நினைத்திருந்தேன். கல் தடுக்காது, சூட்டையும் குளிரையும் வாங்கி வைத்துக்கொள்ளும். ஜூலை மதியத்தில் அது வரம். ஜனவரியில் இரவு ஹீட்டரைக் குறைத்தால் வீடு மறுபடி சூடேற மதியமாகிவிடும்.

இதெல்லாம் பழகிவிடும். தலைவலியா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று: கற்களுக்கு நடுவே அவற்றை ஒட்டவைக்கும் கலவை, அதாவது காரை.

நாங்கள் இறுதியாகப் பார்த்தவை இரண்டு கல்வீடுகள். முதல் வீடு பத்திரிகை அட்டைப்படம் போல இருந்தது. இடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் கச்சிதமாகப் பூசியிருந்தார்கள், உள்ளே பளிங்குச் சமையலறை. இரண்டாவது கொஞ்சம் மங்கல், இடுக்கில் வெளிறிய, மணல் தெரிகிற காரை. எங்களோடு வந்த கொத்தனார் பையிலிருந்து கார் சாவியை எடுத்து இடுக்கில் கீறினார். முதல் வீட்டில் சாவிதான் தேய்ந்தது. இரண்டாவதில் பொடி உதிர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது உதிர்ந்த வீட்டில்.

1768இல் போர்ட்லண்ட் சிமென்ட் கிடையாது; அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். சுண்ணாம்பும் மணலும்தான் காரை. சுவரும் ஒரே பாறை அல்ல. உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல். மழை எப்படியும் கொஞ்சம் உள்ளே போகும். போனது மிருதுவான சுண்ணாம்பு வழியே வெளியே வந்து காய்ந்துவிடும். முதல் வீட்டில் செய்த மாதிரி அந்த இடுக்கை சிமென்டால் அடைத்தால் ஈரத்துக்கு மிஞ்சும் வழி கல்தான். குளிர்காலத்தில் அது கல்லுக்குள் உறைகிறது. நீர் பனியானால் சுமார் 9 சதவீதம் பருக்கும். கல்லின் முகம் ஏடு ஏடாகக் கழன்று விழும். காரையை மறுபடி பூசலாம், கல்லுக்கு எங்கே போவது? குளிரைத் தடுக்க உட்சுவரில் ஃபோம் அடித்திருந்தால் இன்னும் மோசம். சுவருக்குள் சொருகிய உத்தரத்தின் முனை யாருக்கும் தெரியாமல் உளுத்துப்போகும்.

வீடு பார்க்கப் போகும்போது கல் உள்வாங்கி, காரை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். தரையையொட்டி வெள்ளை உப்பு பூத்திருக்கிறதா, உள்ளே அதே உயரத்தில் பெயின்ட் உரிகிறதா என்றும் பாருங்கள். கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பார்த்த எங்கள் தாத்தா இருந்திருந்தால் இதைச் சொல்லிக்கொடுக்க ஆளே தேவைப்பட்டிருக்காது.

எங்கள் வீடும் முழுக்கத் தப்பவில்லை. புகைபோக்கியின் அடியில் பழைய சிமென்ட் ஒட்டு இருந்ததை இரண்டாவது குளிர்காலத்தில், சுவர் ஈரமான பிறகுதான் கண்டுபிடித்தோம். முதலில் வந்த ஒப்பந்தக்காரர் அதன்மேலேயே இன்னொரு மூட்டை சிமென்ட் பூசுகிறேன் என்றார். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கிடைக்க அடுத்த மே வரை ஆனது. உறைபனி இருக்கும்போது சுண்ணாம்பு பூச முடியாது. பூசிய பிறகும் ஈரச் சாக்குப் போட்டுப் பல நாள் காக்க வேண்டும். புது வீட்டில் இந்தக் காத்திருப்பு இல்லை, எந்த ஆளும் வந்து சரிசெய்வார். ஆனால் அங்கே கூரையும் ஹீட்டரும் ஒரே வயது, ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு வைக்கும் என்று பக்கத்துக் குடியிருப்பு நண்பர் புலம்புகிறார்.

வீட்டைத் திரும்ப விற்பது பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. நான்கு குளிர்காலம்தான் கண்டிருக்கிறேன். வாங்கும் முன் ஒன்றை மட்டும் டவுன்ஷிப் (உள்ளாட்சி) அலுவலகத்தில் கேளுங்கள். 1961ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி அறிவித்த பாரம்பரியப் பகுதிக்குள் வீடு இருந்தால், தெருவிலிருந்து தெரியும் மாற்றங்களுக்கு அனுமதி வேண்டும். புதுப்பித்தலுக்கான 20 சதவீத மத்திய வரிச்சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது வாடகை, தொழில் கட்டடங்களுக்குத்தான், குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு இல்லை.

மனைவியின் கட்சி ஜெயித்த இடமும் ஒன்று உண்டு: மாடிப்படி. கணப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவுக்குள் சுழன்று ஏறுகிற குறுகலான படி. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த அம்மா முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, "நான் கீழேயே படுத்துக்கிறேன்பா" என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டு அறையில்தான் கட்டில் போட்டோம். நாங்கள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம்.