சித்வன் வழியா, அன்னபூர்ணா வழியா?

பாதுகாக்கப்பட்ட பகுதியில் ஊராருக்கு என்ன பங்கு? நேபாளத்தில் இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

1973இல் அமைந்த சித்வன் தேசியப் பூங்காவில் காவலுக்கு ராணுவம் நிற்கிறது. சுற்றியுள்ள ஊர்களை 1996இல் இடைவலயமாக, அதாவது பூங்காவுக்கும் வெளிப்பகுதிக்கும் நடுவே உள்ள காப்பு வளையமாக, அறிவித்தார்கள். பூங்கா வருவாயில் 30 முதல் 50 சதவீதம் வரை அந்த ஊர்களின் வளர்ச்சிக்குப் போகிறது. நல்ல தொகைதான். ஆனால் காட்டுக்குள் எதை எடுக்கலாம், எப்போது எடுக்கலாம் என்று முடிவு செய்வது பூங்கா நிர்வாகம். காண்டாமிருகம் வயலில் இறங்கினால் இழப்பில் பெரும்பகுதி விவசாயி வீட்டு வாசலில்.

அன்னபூர்ணா மலைப்பகுதியில் ஊர்களே பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கின்றன. பரப்பு 7,629 சதுர கிலோமீட்டர். ராணுவம் இல்லை. 1986இல் ஓர் அறக்கட்டளை தொடங்கிய பணி இது. விறகு, மேய்ச்சல், மரம் வெட்டுதல் ஆகியவற்றை உள்ளூர்க் குழுக்கள் ஒழுங்குபடுத்துகின்றன. மலையேற்றப் பாதையில் சில இடங்களில் விடுதிகள் விறகை விட்டு மண்ணெண்ணெய்க்கு மாறியதும் இப்படித்தான். குறை? பயணிகள் நடக்கும் பாதையோர ஊர்தான் செழிக்கும். தள்ளியிருக்கும் ஊருக்குச் சில்லறைதான்.

என் ஓட்டு அன்னபூர்ணாவுக்கே. ஆனாலும் காண்டாமிருகக் கொம்புக்குக் கள்ளச்சந்தை இருக்கும்வரை சித்வனில் ராணுவத்தை விலக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. புல், விறகு எடுப்பது பற்றிய முடிவையாவது அங்கே ஊராரிடம் விடலாம்.