ஹெனானிகலவா, தம்பானையா?

1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும், அந்தக் காட்டில் வாழ்ந்த இலங்கைப் பழங்குடிகளான வேடர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, மகாவலி ஆற்றுப் பாசனத் திட்டத்தின் ஹெனானிகல குடியேற்றம். வயல், பாசன நீர், வீடு. வசதிதான். ஆனால் வேட்டையும் தேனெடுப்பும் போய், பக்கத்துச் சிங்கள விவசாயிகளின் வாழ்க்கையே இவர்களுடையதும் ஆனது.

மற்றது, வேடர் தலைவர் திசஹாமியோடு பழைய ஊரான தம்பானையிலேயே தங்குவது. தங்கிய சில குடும்பங்களுக்குப் பழைய வேட்டைக்காடே தடைசெய்யப்பட்ட இடம். அப்புறம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். கோடரியைத் தோளில் மாட்டிக்கொண்டு படத்துக்கு நிற்பதும் ஒரு பிழைப்பானது. இருந்தாலும் வேடர் என்றதும் இன்று எல்லோரும் தேடிப் போவது தம்பானைக்குத்தான். அடையாளம் என்று பார்த்தால் அதுவே மேல் என்பேன். வேடர் மொழியை மட்டும் அதுவும் காப்பாற்றவில்லை; இரண்டு இடத்திலும் பிள்ளைகள் பேசுவது சிங்களம். கிழக்குக் கரையில் வாகரைப் பக்கத்துக் கடலோர வேடர்கள் தமிழோடு கலந்தது தனிக் கதை.